எழுத்தைப் பெரிதாக்க எச்1 போடலாமா?

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்த பிள்ளைகளுக்கு வெள்ளவத்தையில் ஒரு கடையின் மேல்மாடியில், வார இறுதிகளில் எச்.டி.எம்.எல். என்ற, வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வருகிற ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் கேட்டே தீருகிற கேள்வி ஒன்று உண்டு: "சேர், எழுத்தைப் பெரிதாக்க எச்1 போடலாம்தானே?"

போடலாம். எழுத்து பெரிதாகும், தடிக்கும், மேலும் கீழும் இடம் விடும். ஆனால் நாளைக்கே யாராவது, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கிற சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்தால் அதே எச்1 கடுகளவாகச் சுருங்கிவிடும். சுருங்கிய பிறகும் அது தலைப்புத்தான். 'இது இந்தப் பக்கத்தின் தலைப்பு' என்று சொல்வது எச்1 உடைய வேலை. பெரிதாகக் காட்டுவது உலாவி தன்பாட்டில் செய்து வைக்கிற உபகாரம்.

கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதானே என்று பிள்ளைகள் விடாமல் கேட்பார்கள். அப்போது, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கிற என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் போட்டுக் காட்டுவேன். அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. அதனுடன் வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் தெரியும். கொஞ்சம் இயந்திரத்தனமான தமிழ், ஆனாலும் தமிழ். வலைப்பக்கத்தில் இருந்தபடி எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 2 என்று அழுத்தினால் அடுத்த எச்2. பார்வையற்ற ஒருவர் நீண்ட பக்கத்தை மேய்வது இப்படித்தான். தலைப்புகளை எல்லாம் வெறும் தடித்த எழுத்தாகப் போட்டிருந்தால் அந்த விசை எங்கும் போகாது. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை இருந்து கேட்க வேண்டியதுதான். இதை ஒரு தடவை காதால் கேட்ட பிள்ளை அதன் பிறகு எச்1ஐ எழுத்தளவுக்குப் பயன்படுத்துவதை நான் பார்த்ததில்லை.

எச்1 போன்ற குறிகளுக்கு டேக் என்று பெயர். டேக்குகளின் பெயர்களை வகுப்பில் உச்சரிக்கிறபடியே இங்கும் எழுதுகிறேன். அதில் ஒரு சங்கடம் உண்டு: பத்திக்கு உரிய டேக்கும் பி, தடித்த எழுத்துக்கு உரிய டேக்கும் பி. ஆகவே 'பத்தி பி', 'தடிப்பு பி' என்று சொல்லிக்கொள்கிறோம். அமைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கூர் அடைப்புக்குறிக்குள் பெயர் எழுதினால் திறக்கிற டேக். பெயருக்கு முன் ஒரு சாய்கோடு போட்டால் மூடுகிற டேக். இரண்டுக்கும் நடுவில் இருப்பது உள்ளடக்கம். திறக்கிற டேக்கின் உள்ளே பெயருக்குப் பின்னால் பண்புகளை, அதாவது அதைப் பற்றிய மேலதிக விவரங்களைச் சேர்க்கலாம். படத்துக்கான ஐஎம்ஜி, வரியை முறிக்கிற பிஆர் போன்ற சிலவற்றுக்கு உள்ளடக்கமும் இல்லை, மூடுகிற டேக்கும் இல்லை.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் இருந்த, வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ 1991இன் கடைசியில் வெளியிட்ட முதல் பட்டியலில் 18 டேக்குகள்தான் இருந்தன. டைட்டில், இணைப்புக்கான ஏ, தலைப்புகள், பத்தி பி, பட்டியல்களுக்கான யூஎல், எல்ஐ, டிஎல் என்று இன்றைக்கும் தினமும் எழுதுகிறவை பல அதிலேயே இருக்கின்றன. படத்துக்கு டேக் இல்லை. ஐஎம்ஜியை, மொசைக் உலாவியை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் முன்மொழிந்தது 1993 பெப்ரவரியில்தான். பத்தி பி கூட அந்த நாளில் இரண்டு பத்திகளுக்கு நடுவே வைக்கிற பிரிப்புக்குறியாகவே இருந்தது. பத்தியைத் தனக்குள் அடக்குகிற டேக்காகப் பின்னர்தான் ஆனது. அந்த மிச்சமோ என்னவோ, பத்தி பியை மூடாமல் விட்டாலும் உலாவி இன்றுவரை கோபிப்பதில்லை.

பத்தியைப் பிரிக்க இரண்டு பிஆர் போடும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடிக்காத முதல் பழக்கம். பிஆர் என்பது வரி முறிகிற இடம் எழுத்தின் ஒரு பகுதியாகவே இருக்கும்போது வர வேண்டியது: கவிதை, விலாசம். தேவாரம் ஒன்றைப் பக்கத்தில் போடும்போது அடிக்கு அடி பிஆர் வேண்டும். கட்டுரையில் இடைவெளி காட்ட அது வேண்டாம்.

தடிப்புக்கும் சாய்வுக்கும் இரட்டை இரட்டையாக டேக்குகள் இருக்கின்றன. ஸ்ட்ராங் என்றால் இது முக்கியம். தடிப்பு பி என்றால் முக்கியம் என்றில்லை, கண்ணில் படட்டும். ஈஎம் என்றால் குரலில் அழுத்தம். ஐ என்றால் வேறொரு தொனி, வேறொரு மொழிச் சொல், தாவரத்தின் விஞ்ஞானப் பெயர் போன்றவை. இந்தப் பாகுபாடு ஆங்கிலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. தமிழில் சாய்வெழுத்து என்ற அச்சு மரபே பலமாக இல்லை. அநேகமான தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரைந்த சாய்வு வடிவமும் கிடையாது. ஆகவே உலாவி நிமிர்ந்த எழுத்தையே பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. கொம்பும் விசிறியும் பக்கத்து எழுத்தின்மேல் போய் விழும். நான் ஈஎம்மை விடுவதில்லை, அதன் பொருள் எனக்கு வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் சாய்வை எடுத்துவிட்டு அதை வேறு நிறத்தில் காட்டுகிறேன்.

இனி, டேக்குகளை ஒழுங்காகப் பழக நான் எப்போதும் கொடுக்கும் பயிற்சி. கேட்டதும் சிலர் முகம் சுளிப்பார்கள்: ஒரு மரண அறிவித்தலை எச்.டி.எம்.எல்.இல் எழுதுங்கள்.

எங்களிடையே அதுபோல ஒழுங்கு மாறாத எழுத்து வேறு இல்லை. மேலே படம். கீழே பெயர். 'யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும் ஒரே நீண்ட வாக்கியம். அதற்குள் பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். பிறகு கிரியைகள் எப்போது, எங்கே, தகனம் எங்கே. கடைசியில் 'தகவல்: குடும்பத்தினர்' என்று போட்டுத் தொலைபேசி இலக்கங்கள். அநேகமாக இதை அச்சகத்தில் வடிவமைத்து, ஒற்றைப் படமாக்கி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் படத்தைக் கனடாவில் இருக்கிற மருமகள் கைத்தொலைபேசியில் திறந்தால் எழுத்து எறும்பளவு. பெரிதாக்கினால் மங்கும். இலக்கத்தை அழுத்திப் பேச முடியாது. எழுதிவைத்து, முன்னால் இருக்கும் பூச்சியத்தை எடுத்துவிட்டு 94 சேர்த்து அடிக்க வேண்டும்.

படமாக இல்லாமல் எழுதிப் பாருங்கள். பெயர், எச்1. படம், ஐஎம்ஜி, அதற்கு ஆல்ட் என்ற பண்பில் படம் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டியதை எழுத வேண்டும். 'படம்1' என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். அமரரின் பெயர் பக்கத்திலேயே இருப்பதால், 'வெள்ளை வேட்டியும் நெற்றியில் திருநீறும்' என்று ஒரு வரி போதும். சும்மா அலங்காரத்துக்குப் போட்ட குத்துவிளக்குப் படமா? ஆல்ட்டை வெறுமையாக விடுங்கள். திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் பண்பையே எழுதாமல் விட்டால் சில வேளைகளில் கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாக வாசித்துக் கழுத்தறுக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது.

நீண்ட வாக்கியம் பத்தி பி. அதை உடைத்துப் பட்டியலாக்க வேண்டும் என்று சில பிள்ளைகள் நினைப்பார்கள். வேண்டாம், அந்த வாக்கியத்தின் அழகே அது முடியாமல் நீள்வதுதான். கிரியைகள் எச்2. நாளுக்கும் நேரத்துக்கும் டைம் என்ற டேக். உள்ளே 'எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி' என்று மனிதருக்கு எழுதலாம். டேட்டைம் என்ற பண்பில் ஆண்டு, மாதம், திகதி, நேரம் என்ற வரிசையில் இயந்திரத்துக்கு எழுதலாம். நேரத்தின் பின்னால் +05:30 சேர்த்தால் அது இலங்கை நேரம் என்பதும் பதிவாகிவிடும். உலாவி தானாக அதை ரொறன்ரோ நேரத்துக்கு மாற்றிக் காட்டாது, அதற்கு ஒரு சிறிய நிரல் வேண்டும். ஆனால் மாற்றுவதற்கு வேண்டிய தகவல் அங்கே இருக்கிறது. படத்தில் அது இல்லை.

கடைசியில் தகவல் பகுதி. இதற்கு டிஎல் என்ற பட்டியல். அதன் உள்ளே வருகிற டேக்குகள் இரண்டு, தமிழில் எழுதினால் இரண்டும் டிடிதான்: ஒன்று (dt) சொல், மற்றது (dd) விளக்கம். 'மகன்', 'மருமகன்', 'சகோதரி' என்பவை சொற்கள். அவரவர் இலக்கம் விளக்கம். 1991 பட்டியலில் இருந்த டேக்தான், ஆனால் நான் பார்த்த பாடக்குறிப்புகளில் அதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். உறவும் இலக்கமும் சோடி சோடியாக வருகிற இடத்தில் இதைவிடப் பொருத்தமானது எது? இலக்கத்தை ஏ டேக்கில் போட்டு, இணைப்பு எங்கே போகும் என்று சொல்கிற எச்ரெஃப் பண்பில் டெல் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, +94 இலிருந்து தொடங்கினால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒரே தொடுகையில் அழைப்பு வந்து சேரும்.

ஏ டேக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. 'மேலும் அறிய இங்கே கிளிக் செய்யவும்' என்று எழுதி, 'இங்கே' என்ற சொல்லுக்கு மட்டும் இணைப்புக் கொடுக்காதீர்கள். திரைவாசிப்பானில் பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்கலாம். 'இங்கே, இங்கே, இங்கே' என்று அது சொல்வதைக் கேட்டால் சிரிப்பு வரும். தேவைப்பட்டுக் கேட்பவருக்கு வராது.

பக்கத்தின் தொடக்கத்தில் போடுகிற, திரையில் தெரியவே தெரியாத வரிகள்தான் தமிழருக்கு அதிகம் தேவைப்படுகின்றன என்பது என் எண்ணம். முதலாவது, மெட்டா டேக்கில், எழுத்துகள் எந்தக் குறியாக்கத்தில் சேமிக்கப்பட்டுள்ளன என்று சொல்கிற சார்செட் என்ற பண்பு; அதன் பெறுமதி யூடிஎஃப்-8. பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அது வந்துவிட வேண்டும், ஆகவே டைட்டிலுக்கும் முன்னால் எழுதிவிடுவது நல்லது. 'தமிழ்' என்ற சொல்லை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கிற யூனிகோட்டில் த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என்று ஐந்தாகச் சேமிக்கிறோம். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15. உலாவி இதை மேற்கத்தைய பழைய குறியாக்கம் என்று நினைத்துவிட்டால் மூன்று மூன்றாக இருந்தவை தனித்தனியாகப் பிரிந்து, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்'உம் திரும்பத் திரும்ப வரும் ஒரு குப்பையாகத் திரையில் கொட்டும். அதைப் பார்த்ததும் எழுத்துரு பிழை என்று ஓடாதீர்கள். சார்செட்டைப் பாருங்கள்.

எழுத்துரு பிழையாக இருந்த காலம் ஒன்று இருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகிய தலைமுறை என்னுடையது. அதில் 'தமிழ்' என்று கோப்பில் இருப்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஃபொன்ட் என்ற டேக்கைப் போட்டு, ஃபேஸ் பண்பில் பாமினி என்று எழுதினால் அந்த ஐந்தும் தமிழாகத் தோற்றமளிக்கும். பார்ப்பவரின் கணினியில் பாமினி இல்லையென்றால் ஆங்கிலப் பிதற்றல். தேடுபொறிக்கு என்றைக்கும் பிதற்றல்தான். டேக்கைக் கொண்டு தோற்றத்தை மட்டும் காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு ஈழத்துத் தமிழ் இணையத்தின் முதல் பத்து ஆண்டுகளைவிட வேறு சான்று வேண்டாம். எத்தனையோ பக்கங்கள் அப்படியே வாசிக்க முடியாமல் கிடக்கின்றன. ஃபொன்ட் டேக்கை 1997இல் வந்த எச்.டி.எம்.எல். 4 வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியது. இப்போதைய நியமத்தில் அது வழக்கொழிந்த டேக்.

இரண்டாவது, எச்.டி.எம்.எல். என்ற வெளி டேக்கிலேயே போடுகிற, பக்கத்தின் மொழியைச் சொல்கிற லாங் என்ற பண்பு. தமிழுக்கு டி, ஏ என்ற இரண்டு எழுத்துகள். சிங்களத்துக்கு எஸ், ஐ. எல்கே என்று போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது நாட்டின் குறியீடு, எந்த மொழியும் அல்ல. இன்னும் கொடுமை, வெளிநாட்டு வார்ப்புரு ஒன்றை எடுத்து, ஆங்கிலம் என்ற குறிப்பை மாற்றாமல் உள்ளே முழுக்கத் தமிழ் எழுதுவது. தெருப் பெயர்ப்பலகை முதல் மருந்துப் பெட்டி வரை மூன்று மொழிகளில் வாழ்கிற இந்த நகரத்தில் இது சின்ன விடயம் இல்லை. லாங்கைப் பார்த்துத்தான் திரைவாசிப்பான் குரலை மாற்றுகிறது. தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலக் குரல் வந்தால் ஒன்று தடுமாறும், அல்லது வாயை மூடிக்கொள்ளும். தமிழ்ப் பத்தி ஒன்றின் நடுவே சிங்களத்தில் ஒரு முகவரி வந்தால் அந்தத் துண்டை மட்டும் ஸ்பான் டேக்கில் போட்டு, அதற்குத் தனியாக லாங் எழுதலாம். மொழி மாற்றுகிற இணைப்புகளை அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுதுங்கள்.

பட்டியல்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வரிசை மாறினால் பொருள் மாறுமா? மாறினால் ஓஎல், மாறாவிட்டால் யூஎல். 100ஆம் இலக்க பஸ் போகிற வழியில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்பது ஓஎல். கடையில் இருக்கும் பலகாரம் யூஎல். நிரலும் நிரையும் உண்மையிலேயே இருந்தால் டேபிள்: புறக்கோட்டையிலிருந்து 100 பாணந்துறைக்கு, 101 மொரட்டுவைக்கு, 138 மஹரகமவுக்கு என்றால் இலக்கமும் இடமும் இரண்டு நிரல்கள், மேலே தலைப்புக் கலங்களுக்கு டிஎச். பக்கத்தை இடமும் வலமுமாக அடுக்க டேபிள் போட்ட காலம் போய்விட்டது. இன்னும் போடுகிறவர்களுடன் வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

படிவங்களில்தான் என் பொறுமை உண்மையிலேயே சோதிக்கப்படுகிறது. அண்மையில் ஒரு நிறுவனத்தின் படிவத்தில் அடையாள அட்டை இலக்கம் கேட்டார்கள். என்னுடையது பழைய அட்டை: ஒன்பது இலக்கமும் பின்னால் ஆங்கில 'வி'யும். பெட்டியோ 'வி'யை ஏற்கவே மாட்டேன் என்றது. மூல நிரலைத் திறந்து பார்த்தேன். இன்புட் டேக்கில் டைப் பண்பு நம்பர். 2016இலிருந்து வருகிற புதிய 12 இலக்க அட்டையை மட்டும் மனதில் வைத்து யாரோ எழுதியிருக்கிறார். அடையாள அட்டை இலக்கம் கூட்டிக் கழிக்கிற எண் அல்ல. தொலைபேசி இலக்கமும் அல்ல. முன்னதற்கு டைப் டெக்ஸ்ட், பின்னதற்கு டெல். நம்பர் என்று போட்ட பெட்டியில் சில உலாவிகளில் சுட்டியின் சக்கரம் தவறி உருண்டாலே இலக்கம் ஒன்று கூடிவிடும். நிரப்பியவருக்குத் தெரியவும் வராது.

அதே படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு பெட்டி, இரண்டும் கட்டாயம். தகப்பனின் பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கிற எங்களில் எத்தனை பேருக்குக் குடும்பப்பெயர் உண்டு? முழுப்பெயர் என்று ஒரு பெட்டி போதும். அந்தப் பெட்டிக்கு மேக்ஸ்லெங்த் என்ற பண்பில் உச்ச நீளம் கொடுத்தால் தாராளமாகக் கொடுங்கள். 'கிருஷ்ணமூர்த்தி' எங்களுக்கு எட்டு எழுத்து. உலாவி விசிறி, கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். அதன் கணக்கில் 15. பன்னிரண்டோடு நிறுத்தினால் அந்த மனிதர் பாதி வழியில் 'கிருஷ்ணமூர்த' ஆகிவிடுவார்.

லேபல் டேக்கையும் அதில் எழுதவில்லை. பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் 'முழுப்பெயர்' என்று எழுதியிருந்தது. தட்டச்சத் தொடங்கியதும் மறைந்துவிட்டது. லேபலில் எழுதி, ஃபோர் பண்பில் பெட்டியின் அடையாளத்தைக் கொடுத்திருந்தால் அது மறையாது. சொல்லைத் தொட்டாலே பெட்டி திறந்துகொள்ளும். என் வயதில் சின்னப் பெட்டிகளைத் தேடி விரலால் குத்துவது எவ்வளவு சிரமம் என்று எழுதியவருக்குத் தெரிய இன்னும் காலம் இருக்கிறது. சமர்ப்பிக்கிற பொத்தானோ பட்டன் டேக் அல்ல, நிறம் பூசிய டிவ். டிவ் என்பது பெயர் ஒட்டாத அட்டைப்பெட்டி. எதையும் உள்ளே போடலாம், எதுவென்று அது சொல்லாது. பட்டன் என்று எழுதினால் டாப் விசைக்கு அகப்படும், என்டருக்கு இயங்கும், பொத்தான் என்று வாசிக்கப்படும். டிவ்வுக்கு இவை எல்லாவற்றையும் கையால் சேர்க்க வேண்டும். ஹெடர், நேவ், மெயின், ஆர்ட்டிகிள், ஃபூட்டர் என்று 2014இல் நியமமான ஐந்தாம் பதிப்பு பெயருள்ள பெட்டிகளைத் தந்த பிறகும் டிவ்வுக்குள் டிவ்வாக அடுக்குவது சோம்பல்.

ஆனால் வாடிக்கையாளருக்கு இதெல்லாம் சொல்லி விளங்காது. கொழும்பில் ஒரு கோயிலின் பக்கத்தை இப்போது புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். பழைய பக்கத்தில் தேர்த்திருவிழாத் திகதி மார்க்கீ டேக்கில் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் உலாவியில் கொண்டுவந்த டேக் அது. நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவியின் மினுங்குகிற பிளிங்க் டேக்கை உலாவிகள் கைவிட்டுவிட்டன, மார்க்கீ மட்டும் வழக்கொழிந்தது என்ற முத்திரையுடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, திகதியை எச்2 ஆக்கி, உள்ளே டைம் டேக் போட்டு நிறுத்தி வைத்தேன். தர்மகர்த்தா ஐயா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஓடினால்தானே சனம் பார்க்கும்?"

ஓடுகிற எழுத்தை வயதானவர்கள் வாசித்து முடிப்பதற்குள் அது போய்விடுகிறது ஐயா என்றேன். யோசித்தார். தன்னுடைய கண்ணாடி இலக்கமும் கூடிவிட்டது என்றார். நிற்கட்டும், ஆனால் சிவப்பில் நிற்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நிறம் சிஎஸ்எஸ்ஸின் பாடு, எச்2வுக்கு அதில் நட்டமில்லை. அன்று மாலையே சிவப்பாக்கிக் கொடுத்துவிட்டேன்.